பெர்னதெத் டெவ்லின்: அனுப்பப்பட்டவரும் அனுப்பியவர்களும்

(சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பிற நாடுகளில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய தலைவர்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். பலருடைய பெயர்களை அடுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி புகழுரை சொல்லிச் செல்வது எளிது. அதைவிட ஒருவரைப் பற்றி நின்று நிதானித்துப் பேசுவதே பயன்தரும் என்று கருதினோம். அவ்வொருவர் ஆணாக அல்லாமல் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்றும் எண்ணினோம். அதற்கான காரணம் பின்னர் விளங்கும்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "நம்மவர் ஒருவர் சபைக்குச் சென்றுவிட்டால் நம் குறைகள் தீர்ந்துவிடாவா?" என்பது அது. மூத்தோர் உடனே எதிர்வினா தொடுப்பர்: "இத்தனை ஆண்டுகளாக நம்மவர் பலர் சென்றார்களே, என்ன கண்டோம்?" இருசாராரும் சென்றவரைப் பற்றியே பேசுகின்றனர். அனுப்பியவர்கள் என்ன செய்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு ஏற்ற வாழ்க்கை, வட அயர்லாந்தைச் சேர்ந்த பெர்னதெத் டெவ்லின் என்னும் சமதர்மவாதிப் பெண்மணியின் வாழ்க்கையாகும்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவருடைய நாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அயர்லாந்து இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள ஒரு தீவு. நூற்றாண்டுகள் பலவாக ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்த அத்தீவு 1921-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தென்பகுதி தனி நாடாயிற்று. வடக்கே ஆறு மாவட்டங்கள் மட்டும் பிரிட்டனோடு வைத்துக்கொள்ளப்பட்டன. அந்த ஆறு மாவட்டங்களில் அக்காலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் புராட்டஸ்டண்டு கிறித்தவர்கள். மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர்கள். ஸ்டார்மண்ட் என்னுமிடத்தில் அவர்களுக்கென ஒரு சட்டசபை இருந்தது. அங்கே 1921 முதல் 1972 வரை, ஒரு நாளும் இடைவிடாது, யூனியனிஸ்ட் கட்சி ஒன்றே ஆண்டது. அது புராட்டஸ்டண்டுப் பெரும்பான்மையினரின் கட்சி.

இவ்விரு சாராருக்கும் நிறத்தால் வேறுபாடு இல்லை. அன்றாடம் பேசும் மொழியாலும் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டால் தெரியும். படித்த பள்ளியைக் கேட்டால் தெரியும். குடியிருக்கும் தெருவைக் கேட்டால் ஐயமறத் தெரியும். இவ்வாறு சுற்றி வளைத்து விசாரித்து ஒருவரை இன்னார் என்று அறிந்துகொள்ளும் வழக்கம் நமக்குப் புதியதன்று. எனினும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்தது மத வேற்றுமையைக் கருவியாகக் கொண்ட ஒடுக்குமுறை. நம் நாட்டுச் சாதியும் தீண்டாமையும் அங்கில்லை. எல்லாத் துன்பமும் ஒரே துன்பம் என்று சொல்லிவிடுவது பேச்சுக்கு அழகாயிருக்கலாம், உண்மையாகாது.

அங்கிருந்த அநீதிகளுள் வீட்டையும் வாக்கையும் பற்றியது முதன்மையானது. உள்ளாட்சித் தேர்தல்களில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இல்லை. வீட்டுக்கு உரியவராய் இருந்து வரி செலுத்துவோரும் அவர்தம் வாழ்க்கைத் துணையும் மட்டுமே வாக்களிக்கலாம். பெற்றோர் வீட்டிலேயே தங்கியிருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. பிறர் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருப்போர்க்கு வாக்கு இல்லை. ஆனால் வணிக நிறுவனம் வைத்திருப்போர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் உண்டு. பிரிட்டனின் ஏனைய பகுதிகளில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கைவிடப்பட்ட இம்முறை, வட அயர்லாந்தில் 1960-களின் இறுதி வரை நீடித்தது.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நகரசபை கட்டித்தரும் வீடு ஒன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தால், தலைக்கு மேல் கூரையோடு இரண்டு வாக்குகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆகவே வீடு வழங்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளதோ, அடுத்த தேர்தலின் வாக்காளர் யார் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். வீட்டுமனைப் பட்டாவுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த நம் பெரியவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

டெர்ரி நகரின் கணக்கு இதற்குச் சான்று. 1967-இல் அந்நகரின் உள்ளாட்சி வாக்காளருள் கத்தோலிக்கர் 14,429 பேர். ஏனையோர் 8,781 பேர். ஆயினும் நகரசபையின் 20 இடங்களில் யூனியனிஸ்டுகளுக்கு 12, கத்தோலிக்கர்களுக்கு 8. இது எவ்வாறு நேர்ந்தது? நகரை மூன்று வட்டங்களாகப் பிரித்தனர். தெற்கு வட்டத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட கத்தோலிக்க வாக்காளரை ஒன்றாக அடைத்து 8 இடங்கள் தந்தனர். எஞ்சிய இரு வட்டங்களிலும் யூனியனிஸ்டுகளுக்குப் போதிய பெரும்பான்மை இருக்குமாறு கோடு கிழித்து 12 இடங்கள் வைத்தனர். கத்தோலிக்கருக்கு வீடு கட்டுவதாயினும் அந்தத் தெற்கு வட்டத்துக்குள்ளேயே கட்டினர். வேறு வட்டத்தில் கட்டினால் கோடு குலைந்துவிடுமல்லவா?

இந்த நாட்டில், டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், 1947 ஏப்ரல் 23-இல் பெர்னதெத் பிறந்தார். உடன்பிறந்தாரோடு சேர்த்து அறுவர். தந்தை ஒரு தச்சர். சொந்த ஊரில் பிழைப்புக் கிட்டாமல் இங்கிலாந்து சென்று உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்பியவர். பெர்னதெத்துக்கு ஒன்பது வயதாகும்போது அவர் காலமானார். அதன்பின் அரசு தரும் உதவித்தொகையில் குடும்பம் நடந்தது. தாயும் 1967-இல் மறைந்தார். பல்கலைக்கழக மாணவியாயிருந்த பெர்னதெத், இளைய உடன்பிறப்புகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டே படித்தார்.

கல்விச் சங்கத்தின் மேடையில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்வது தகாது. பெர்னதெத் பிறந்த அதே 1947-ஆம் ஆண்டில் வட அயர்லாந்தில் ஒரு கல்விச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தில் 1944-இல் வந்த சட்டத்தைப் பின்பற்றியது அது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் உயர்நிலைக் கல்வி கிட்டவும், அரசு உதவியோடு பல்கலைக்கழகம் வரை செல்லவும் அச்சட்டம் வழி திறந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் யூனியனிஸ்டுகளே. அதன் பயனாய்ப் படித்து வந்த முதல் தலைமுறைக் கத்தோலிக்கப் பிள்ளைகளே, இருபது ஆண்டுகள் கழித்து அவ்வரசின் முன் நின்று கணக்குக் கேட்டனர். பெர்னதெத் அவர்களுள் ஒருவர். டங்கானன் ஊரின் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் பயின்று, பெல்பாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்தார்.

1968 ஜூனில், காலிடன் என்னும் ஊரில் ஓர் நிகழ்ச்சி நடந்தது. நகரசபை வீடொன்றில் குடியேறியிருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் குழந்தைகளோடு வெளியேற்றப்பட்டது. அதற்கு அடுத்த வீடோ, மணமாகாத 19 வயதுப் பெண் ஒருத்திக்கு ஒதுக்கப்பட்டது. அப்பெண் யூனியனிஸ்ட் கட்சியைச் சார்ந்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் பணிபுரிந்தவள். ஸ்டார்மண்ட் சட்டசபை உறுப்பினர் ஆஸ்டின் கரி அவ்வீட்டினுள் புகுந்து அமர்ந்து மறியல் செய்தார். போலீசார் அவரை வெளியேற்றினர். இச்செய்தி நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டு 24-இல், கோலைலண்டிலிருந்து டங்கானனுக்கு முதல் குடியுரிமை ஊர்வலம் புறப்பட்டது. அமெரிக்க நீக்ரோ மக்களின் போராட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஊர்வலம் அது. அவர்கள் பாடிய பாடலையே இவர்களும் பாடினர். ஊர் நடுவே நுழையவிடாது போலீசார் தடுத்து நிறுத்தினர். அக்கூட்டத்தில் 21 வயது மாணவியான பெர்னதெத்தும் இருந்தார்.

அடுத்த அக்டோபர் 5-இல் டெர்ரியில் நடந்த ஊர்வலத்தில் போலீசார் தடியடி நடத்தினர். தொலைக்காட்சிக் காமிராக்கள் அதைப் பதிவு செய்துவிட்டன. சில நாட்களில் குயின்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 'மக்கள் ஜனநாயகம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். பெர்னதெத் அதன் முன்னணியில் நின்றார். 1969 ஜனவரி முதல் நாள், சில பத்துப் பேர் பெல்பாஸ்டிலிருந்து டெர்ரிக்கு நடைப்பயணமாகக் கிளம்பினர். 1965-இல் அமெரிக்காவில் செல்மாவிலிருந்து மான்ட்காமரிக்கு நடந்தார்களே, அதனை முன்மாதிரியாகக் கொண்டது அது. நான்காம் நாள், பர்ன்டாலெட் பாலத்தருகே ஏறத்தாழ 200 பேர் கற்களோடும் தடிகளோடும் வழிமறித்துத் தாக்கினர். தாக்கியவர்களுள் சீருடை கழற்றிய துணைப் போலீசாரும் இருந்தனர். அடிபட்டவர்களுள் பெர்னதெத் ஒருவர்.

பிப்ரவரியில் நடந்த ஸ்டார்மண்ட் தேர்தலில் நின்று தோற்றார். அவரை வென்றவர் இரண்டு மாதங்களில் வட அயர்லாந்தின் பிரதமரானார் என்பது ஒரு துணுக்குச் செய்தி. ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றத்துக்கு மத்திய அல்ஸ்டர் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. இங்கே வயது வந்த அனைவருக்கும் வாக்கு உண்டு. கத்தோலிக்கரிடையே இருந்த பல்வேறு குழுவினரும் வாக்குச் சிதறாமல் ஒரே வேட்பாளரை நிறுத்த உடன்பட்டனர். அதுகாறும் அயர்லாந்துத் தேசியவாதிகளுள் ஒரு சாரார், வென்றாலும் ஆங்கிலேயர் சபையில் அமர மாட்டோம் என்னும் கொள்கையுடையவர். பெர்னதெத் அதை ஏற்கவில்லை. சென்று அமர்ந்து உங்கள் உரிமைக்காகப் போராடுவேன் என்று சொல்லி வாக்குக் கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாக்களித்தனர். 1969 ஏப்ரல் 17-இல் அவருக்கு 33,648 வாக்குகள். எதிர்த்து நின்ற யூனியனிஸ்ட் வேட்பாளருக்கு 29,437 வாக்குகள். அப்போது அவருக்கு இன்னும் 22 வயது நிறையவில்லை. அதுவரை அச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களில் அவரே மிக இளையவர். 2015-இல்தான் வேறொருவர் அவரினும் இளைய வயதில் அங்கே சென்றார். படிப்பை முடிக்காமலேயே பாராளுமன்றம் சென்றார் என்பதை, இங்குள்ள மாணவியர் முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பார்களாக!

சபையில் நுழைந்த அன்றே, 1969 ஏப்ரல் 22-இல், அவர் முதல் உரையை நிகழ்த்தினார். புதிதாய் வந்தோர் வந்த அன்றே பேசுவதில்லை. முதல் உரையில் பூசலுக்கிடமானவற்றைத் தொடுவதில்லை. இவை அச்சபையின் எழுதப்படாத மரபுகள். மரபை மீறுகிறேன் என்பதை அறிந்தே மீறுகிறேன் என்று தொடங்கினார். அவர் பேசிய பொருளே நமக்கு முக்கியம். கத்தோலிக்கரின் குறைகளை மட்டும் அவர் எடுத்துரைத்திருந்தால், தம்மை அனுப்பியோர் எதிர்பார்த்ததைச் செய்தவராவார். அவரோ, இல்லாதார்க்கும் உடையார்க்கும் இடையேயுள்ள வழக்கு இது என்று வாதிட்டார். புராட்டஸ்டண்டு ஏழைகளும் அந்த ஆட்சியால் ஏய்க்கப்பட்டவர்களே என்பது அவர் கருத்து. வேலையும் வீடும் போதாத நாட்டில், இருக்கும் கொஞ்சத்தை 'உன் ஆளுக்கு முதலில்' என்று பிரித்துக் கொடுத்து, ஏழையை ஏழைமீது ஏவி ஆளுகிறார்கள் என்பதே அவருடைய சமதர்மத்தின் சாரம். இதனை அவர் கைவிடவில்லை. புராட்டஸ்டண்டுத் தொழிலாளர் பெருந்திரளாய் இதைச் செவிமடுத்தனர் என்று சொல்வதற்கில்லை. அவர்களுள் பெரும்பாலோர் அவரைப் பகைவராகவே கண்டனர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் டெர்ரி நகரின் போக்சைடு பகுதி பற்றியெரிந்தது. ஊர்வலமொன்றையொட்டி எழுந்த கலவரத்தில், போலீசார் தம் குடியிருப்பில் நுழையாதவாறு மக்கள் தெருக்களை அடைத்தனர். கண்ணீர்ப்புகைக்கு நடுவே, மூன்று நாட்கள் அவர்களோடு தெருவில் நின்றார் அத்தொகுதிக்கு அயலாரான இப்பாராளுமன்ற உறுப்பினர். இதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கையிலேயே 1970 ஜூன் பொதுத்தேர்தல் வந்தது. மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தேர்ந்தெடுத்த சில நாட்களிலேயே ஆர்மா பெண்கள் சிறைக்குச் சென்று, நான்கு மாதங்கள் இருந்து மீண்டார்.

சிறைக்குச் செல்லுமுன் அமெரிக்கா சென்றுவந்த கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர் பல இலட்சம் பேர் செல்வாக்கோடு வாழ்கின்றனர். தாய்நாட்டு உறவினருக்காக நிதி தர அவர்கள் முன்வந்தனர். 1969 ஆகஸ்டில் அங்கே சென்ற பெர்னதெத், பெருங்கூட்டங்களில் பேசினார். நியூயார்க் மேயர் ஜான் லின்ட்சே அந்நகரின் திறவுகோலைப் பரிசளித்தார். ஆனால் அவர் கண்ட காட்சி அவரை உறுத்தியது. வட அயர்லாந்தில் உரிமை வேண்டும் என்று கைதட்டிய அதே மக்கள், தம் ஊரில் கறுப்பின மக்களைத் தள்ளியே வைத்திருந்தனர். டெட்ராய்ட் நகரில், கறுப்பினத்தவரை உள்ளே அனுமதித்தாலன்றி மேடையேற மாட்டேன் என்று மறுத்து நின்றார். நியூயார்க் நகரின் திறவுகோல் அடுத்த ஆண்டு, தோழர் ஒருவர் வழியாகக் 'கருஞ்சிறுத்தைகள்' இயக்கத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971-இல் மீண்டும் சென்றபோது, சிறையிலிருந்த கறுப்பினப் போராளி ஆஞ்செலா டேவிசைச் சந்தித்தார். நிதி தர வந்தவர்கள் பலர் முகம் சுளித்துப் பணப்பையை மூடிக்கொண்டனர்.

அதே கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவித்தான் 1972-இல் பம்பாயில் நம் இளைஞர்கள் 'தலித் சிறுத்தைகள்' இயக்கத்தைத் தோற்றுவித்தனர். கடலுக்கு அப்பால் ஒருவர் கையளித்த ஒரு திறவுகோலுக்கும் நமக்கும் இவ்வளவு அருகில் ஓர் உறவு இருந்திருக்கிறது! நமக்கு நன்கொடை தருவோர் தம் வீட்டில், தம் ஊரில், எவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியுள்ளனர் என்று கேட்கும் துணிவு நமக்கு உண்டா? இவ்விழாவுக்கு நன்கொடை திரட்டிய குழுவில் நாமும் இருந்தோம். நாமும் அவ்வாறு கேட்கவில்லை.

இனி 1972-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டத்தை எதிர்த்து டெர்ரியில் ஊர்வலம். பிரிட்டிஷ் இராணுவத்தின் பாராசூட் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார். பெர்னதெத் அக்கூட்டத்தின் பேச்சாளர்களுள் ஒருவராய் அங்கிருந்தார். சூடு நடந்ததைக் கண்ணால் கண்ட பாராளுமன்ற உறுப்பினர் அவர்.

மறுநாள் காமன்ஸ் சபையில் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் எழுந்து, படையினர் தற்காப்புக்காகவே சுட்டனர் என்று அறிக்கை தந்தார். நேரில் கண்டவர் சபையில் இருக்கிறார், அவர் பேச எழுகிறார், சபாநாயகர் அழைக்கவில்லை. மீண்டும் எழுகிறார், மீண்டும் அழைக்கவில்லை. பெர்னதெத் தம் இடத்தை விட்டு எழுந்து, சபையைக் கடந்து சென்று, உள்துறை அமைச்சரின் கன்னத்தில் அறைந்தார்.

இச்செயலை இளைஞர்கள் கைதட்டி வரவேற்பீர்கள் என்று அறிவோம். நாம் அவ்வாறு கைதட்ட விரும்பவில்லை. கன்னத்தில் விழுந்த அறை ஒருவரையும் உயிர்ப்பிக்கவில்லை. மறுநாள் செய்தித்தாள்களில் அறை முன்னே வந்தது, மாண்டவர்கள் பின்னே சென்றனர். அதேவேளையில் அவரைக் குறை கூறுவோரை நாம் ஒன்று கேட்போம். முப்பத்து மூவாயிரம் பேருக்கு மேல் வாக்களித்து அனுப்பிய ஒருவர், தம் கண்ணெதிரே நடந்த கொலையைச் சொல்வதற்கு வாய் திறக்க முடியாதெனில், அந்த இடத்தின் பொருள் என்ன? பதவி கிடைத்தால் குரல் கிடைத்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். பதவி நாற்காலியைத்தான் தருகிறது.

அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த நீதிபதி விட்ஜரியின் விசாரணை அறிக்கை, படையினர் மீது பெரும்பழி எதுவும் சுமத்தாமல் விட்டது. மாண்டோரின் குடும்பத்தார் ஓயவில்லை. 1998-இல் புதிய விசாரணைக்கு ஆணை பிறந்தது. பெர்னதெத்தும் சாட்சியம் அளித்தார். 2010 ஜூன் 15-இல் வெளியான சாவில் அறிக்கை, சுடப்பட்டவர்களால் ஆபத்து ஏதும் நேர்ந்திருக்கவில்லை என்று கண்டது. அன்று, 1972-இல் அவருக்குப் பேச வாய்ப்பு மறுக்கப்பட்ட அதே சபையில், பிரதமர் டேவிட் காமரூன் மன்னிப்புக் கோரினார். இடையில் 38 ஆண்டுகள் சென்றிருந்தன.

இப்போது, நம் பேச்சின் தொடக்கத்தில் சொல்லாமல் வைத்த இடத்துக்கு வருகிறோம். 1971-இல் மணமாகாத பெர்னதெத், தாம் தாய்மையுற்றிருப்பதைத் தாமே பொதுமக்களுக்கு அறிவித்தார். ஆகஸ்டில் ஒரு பெண் குழந்தையை ஈன்றார். ஒளித்திருக்கலாம், சிலகாலம் வெளியூர் சென்றிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கத்தோலிக்க சமயம் ஊறிய அந்நாட்டில் இது பெரும் அதிர்ச்சியை விளைவித்தது. பாதிரிமார் கடிந்தனர். தடியடி பட்டபோது தாங்கிய மக்களில் பலர், சிறை சென்றபோது கைவிடாத மக்களில் பலர், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டனர். 1973 ஏப்ரலில், தம் 26-ஆம் பிறந்தநாளில், மைக்கேல் மக்அலிஸ்கி என்னும் ஆசிரியரை அவர் மணந்துகொண்டார். ஆயினும் விலகியவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

1974 பிப்ரவரித் தேர்தலில் அவர் தோற்றார். அத்தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் நேர்மையாகாது. 1970-இல் சமூக ஜனநாயகத் தொழிற்கட்சி என்னும் புதிய கட்சி கத்தோலிக்கரிடையே தோன்றி, ஊர்தோறும் கிளை அமைத்து, மத்திய அல்ஸ்டரிலும் தன் வேட்பாளரை நிறுத்தியது. பெர்னதெத்துக்கோ கட்சி இல்லை, கிளை இல்லை. 1969-இல் ஒன்றுகூடி அவரை நிறுத்திய குழுக்கள் தேர்தல் முடிந்ததும் கலைந்துபோயிருந்தன. அவரும் தொகுதியில் அமர்ந்து ஓர் அமைப்பைக் கட்டவில்லை. ஓர் ஊர்வலத்திலிருந்து மற்றோர் ஊர்வலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். இது அவருடைய குறையே. வாக்கு இரண்டாய்ப் பிளந்தது. இருவர் பெற்ற வாக்குகளையும் கூட்டினால் வென்ற யூனியனிஸ்டை விட மிகுதி. தனித்தனியே இருவரும் தோற்றனர்.

எனினும் அந்த மற்றொரு காரணத்தை மெல்லக் கடந்துசெல்ல நம்மால் இயலவில்லை. ஆண் தலைவர்கள் பலருடைய இல்லற வாழ்வில் என்னென்ன நடந்தது என்பதை எந்தத் தொகுதி மக்களும் வாக்குச் சீட்டின்மேல் வைத்துப் பார்த்ததில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் மகளை மேடையேற்றும்போது, அவள் தம் மானத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். "பிறர் நம்மைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது" என்னும் அச்சம் நமக்கும் உண்டு. அது பிறர் நமக்கு உண்டாக்கிய அச்சம் என்பதையும் நாம் அறிவோம். நம் விடுதியில் தங்கிப் படித்து இன்று அலுவல் பார்க்கும் பெண்கள் பலர். அவர்களுள் ஒருவர் ஊர்ப் பஞ்சாயத்தில் நம்மவர்களையே எதிர்த்துக் கேள்வி கேட்டபோது, அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று பேசியவர்கள் இவ்வரங்கிலும் இருக்கின்றனர். பெயர் சொல்லப் போவதில்லை. அன்று அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். வாய் திறவாமல் இருந்தோம். வெள்ளி விழா மலரில் இது பதிவாகட்டும் என்றே சொல்கிறோம்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். 1974 டிசம்பரில் அயர்லாந்துக் குடியரசுச் சமதர்மக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவர். கட்சியோடு சேர்ந்து ஓர் ஆயுதக் குழுவும் வளர்ந்தது. அக்குழு கட்சிக்குக் கட்டுப்பட வேண்டும் என்னும் கருத்து தோற்றபோது, ஓராண்டு ஆகுமுன்னரே வெளியேறினார். துப்பாக்கி ஏந்தியவர் அரசியலுக்கு ஆணையிடும் அமைப்பில் தமக்கு இடமில்லை என்று கண்டுகொண்டார். பின்னர்ச் சிறைவாசிகளின் உரிமைக்காக நடந்த கிளர்ச்சியில் முன்னின்றார். 1981 ஜனவரி 16 அதிகாலையில், எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவினர் அவர் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்து, பிள்ளைகள் வீட்டிலிருக்கையிலேயே அவரையும் கணவரையும் சுட்டனர். பல குண்டுகள் பாய்ந்தும் இருவரும் உயிர் தப்பினர். இராணுவத்தினர் அருகிலேயே இருந்தும் அதனை ஏன் தடுக்கவில்லை என்னும் கேள்வி அன்று முதல் எழுப்பப்பட்டு வருகிறது. மூன்று திங்களுக்குள், ஊன்றுகோலின் உதவியோடு, உண்ணாநோன்பு இருந்த சிறைவாசி பாபி சாண்ட்ஸ் என்பாருக்கு வாக்குக் கேட்டு மேடையேறினார். 1982-இல் டப்ளினில் இருமுறை தேர்தலில் நின்றார், வெற்றி கிட்டவில்லை. 1974-க்குப் பின் அவர் எந்தச் சபையிலும் அமரவில்லை.

அவருடைய பொதுவாழ்வு அத்தோடு முடிந்துவிடவில்லை. 1997-இல் டங்கானனில், தென் டைரோன் மக்களுக்கான ஓர் உதவி அமைப்பைப் பிறரோடு சேர்ந்து நிறுவினார். அப்பகுதியின் இறைச்சிப் பதனத் தொழிற்சாலைகளுக்கு அக்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். போர்ச்சுகல், லித்துவேனியா, கிழக்குத் தைமூர் ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் வந்தனர். கூலி பிடித்தம், வீட்டு வாடகை, குடியேற்றத் தாள்கள், மொழி தெரியாமை என்று அவர்களுக்குப் பல இடுக்கண்கள். பெர்னதெத்தின் அலுவலகம் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தது. மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக் கொடுத்தது. வீட்டுக்கு உரிமையாளரோடு வழக்காடியது. 1968 ஆகஸ்டில் ஊருக்குள் வரக்கூடாதென்று அந்த முதல் ஊர்வலத்தைத் தடுத்து நிறுத்திய அதே டங்கானன்தான் அது. வீடு கேட்டு வாசலில் நின்றவர்கள் இம்முறை வேறு மொழி பேசினர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பாராளுமன்றத் தேர்தலில் அங்கே வாக்கு இல்லை.